வேரக்கா பிரித்த சொல்

புண்ணுக்கு வைக்கும் காஸ் துணியை மடிக்கும்போது வெட்டிய ஓரம் உள்ளே போய்விட வேண்டும். வெளியே நின்றால் நூல் பிரியும், பிரிந்த நூல் புண்ணில் ஒட்டும், ஒட்டினால் சீழ் பிடிக்கும். வேரக்காவின் விரல்களுக்கு இதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. இடது கட்டைவிரல் அழுத்த, வலது கை மடிக்க, மேசைமேல் ஒரு சதுரம் விழும். ஐந்து சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டு. ஆபரேஷனில் வயிற்றைத் தைத்து மூடுமுன் துணிகளை எண்ணும்போது தப்பு வரக் கூடாது என்பதற்காக எப்போதும் ஐந்து ஐந்துதான்.

கை இந்த வேலையில் இருக்க, வாய் வேறு வேலையில் இருக்கும்.

"ஹெப்பாட் ஈரல். நெஃப்ர் சிறுநீரகம். காஸ்ட்ர் இரைப்பை. ஆர்த்ர் மூட்டு."

"காலையிலயே ஆளைக் கூறு போட ஆரம்பிச்சாச்சா?" என்பார் நீராவி மெஷின்காரர். கட்டுகளை டிரம்மில் அடைத்து, நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவது அவர் பொறுப்பு. அந்த அறையில் இவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் வாயை ஒருவர் பொறுத்துக்கொண்டால்தான் பொழுது போகும்.

வேரக்கா பத்தாம் வகுப்பில் தோற்றவள். அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். இருபத்தேழு வயதில் ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க வந்தாள். இரண்டு வருஷம் கழித்து, கை சுத்தமாக இருக்கிறது என்று கட்டுத்துணி அறையில் போட்டார்கள். அங்கேதான் ஆங்கிலம் திரும்பவும் வந்து எதிரே நின்றது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு. சீட்டில் இருப்பது சரக்கு ரயில் நீளத்துக்கு ஒரு சொல். முதல் மாதம் அவள் எழுத்துகளின் உருவத்தை மட்டும் பார்த்து, முன்னால் ஒட்டியிருந்த பழைய சீட்டோடு ஒப்பிட்டுத் தட்டு கட்டினாள். இரண்டு முறை தட்டு மாறிப் போய், இரண்டு முறையும் ஆபரேஷன் அறையிலிருந்து வசவு வந்தது.

பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 'எக்டமி' என்று முடியும் சொல் வந்தால் தட்டில் மூடி போட்ட ஒரு டப்பா கூடுதலாக இருக்கும். எதையோ வெட்டி எடுக்கிறார்கள், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவே அந்த டப்பா. 'ஸ்கோப்பி' என்றால் விளக்கு வைத்த குழாய். எனவே அது உள்ளே எட்டிப் பார்ப்பது. 'பிளாஸ்டி' என்றால் மெல்லிய ஊசியும் மெல்லிய நூலும். அது உருவத்தைச் சீர்செய்வது. யாரும் சொல்லித் தராமல், இடுக்கியையும் கத்தியையும் வைத்தே அவள் சொல்லின் வாலைக் கண்டுபிடித்தாள். மகளின் பழைய நோட்டில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'தலை', அந்தப் பக்கம் 'வால்' என்று எழுதிக்கொண்டாள்.

மயக்க மருந்து டாக்டர் ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டார். வாய் நிறையச் சிரித்து, "இதுக்கெல்லாம் வேர்னு பேரும்மா. பாதி கிரேக்கம், பாதி லத்தீன். 'டோம்' னா வெட்டு. 'எக்' னா வெளியே. வெட்டி வெளிய எடுக்குறது எக்டமி. 'ஏ' னா இல்லை. வெட்ட முடியாதது ஆட்டம். அதான் அணு" என்றார். வேரக்கா அன்று வீட்டுக்குப் போய் மகளின் அறிவியல் புத்தகத்தைத் திறந்து அணுவின் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். தன் தட்டில் இருக்கும் கத்தி அங்கேயும் இருந்தது அவளுக்கு ஆச்சரியம்.

அதற்குப் பிறகு விடவில்லை. டாக்டர் காபி குடிக்க வரும்போதெல்லாம் ஒரு சொல் கேட்பாள். 'மஸில்' என்றால் லத்தீனில் சின்ன எலி. கை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் இருக்கிறதாம். கண்ணின் நடுக் கருவட்டத்துக்கு 'பியூப்பில்', அதாவது சின்னப் பொம்மை. எதிரே நிற்கிறவரின் குட்டி உருவம் அதில் தெரிவதால் அந்தப் பெயர். "நாமளும் கண்பாவைன்னுதானே சொல்றோம்? பாவைன்னா பொம்மைதானே? அவங்களும் நம்மளும் பேசி வச்சுக்கிட்டா சொன்னோம்?" என்று அவள் கேட்டாள். டாக்டர் வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து, "தெரியலைம்மா, ரெண்டு பேருமே கண்ணைக் கிட்டப் போய்ப் பாத்திருப்பாங்க" என்றார்.

நீராவி மெஷினின் பெயர் 'ஆட்டோகிளேவ்'. ஆட்டோ என்றால் தானாக, கிளேவ் என்றால் சாவி. தானே பூட்டிக்கொள்வது என்று பொருள். இதைச் சொன்ன அன்று மெஷின்காரர் கொதித்துப்போனார்.

"தானா பூட்டிக்குதா? இருபது வருஷமா இந்தச் சக்கரத்தைத் திருகித் திருகித் தோள்பட்டை போச்சு. பேரு வச்சவனைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்."

பெயர் பரவியது. முதலில் கேலியாக 'வேரக்கா' என்றார்கள், பிறகு அதுவே பெயராயிற்று. வீட்டில் கணவர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர். "எங்கே, லிஃப்டைப் பிரி பாப்போம்" என்று சீண்டுவார். "அது பிரியாதுங்க. ஏறுறதும் இறங்குறதும்தான், உங்க சம்பளம் மாதிரி ஏறாம நிக்கிறதில்ல" என்பாள்.

வார்டில் ஆள் குறையும்போது கட்டுத்துணி அறையிலிருந்து அவளைக் கூப்பிடுவார்கள். படுக்கை மாற்ற, நோயாளியைத் துடைத்துவிட, ஆபரேஷனுக்கு முந்தின நாள் தயார் செய்ய. அப்போது நோயாளிகள் கேட்பார்கள், அவள் பிரிப்பாள். ஒரு பெண் 'டெர்மடைட்டிஸ்' என்ற சொல்லைப் பார்த்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "டெர்மா தோல், ஐட்டிஸ் அழற்சி. தோல் அழற்சி, வேற ஒண்ணுமில்ல, எழுந்து சாப்பிடு" என்றாள் வேரக்கா. அந்தப் பெண் எழுந்து சாப்பிட்டாள். இப்படி ஏழெட்டுப் பேர். பிரித்துவிட்டால் சொல்லின் பயம் போய்விடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. நோய் என்னவென்று சொல்வது உதவியாளர் வேலையல்ல என்று சுவரிலேயே விதி எழுதி ஒட்டியிருந்தது. நான் நோயையா சொல்கிறேன், சொல்லைத்தானே சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். வார்டுப் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டரும் கண்டும் காணாமல் இருந்தார். சமாதானமான நோயாளி என்றால் எல்லோருக்கும் சௌகரியம்தானே.

பதினொன்றாம் படுக்கையில் இருந்தவர் தையற்காரர். ஐம்பத்திரண்டு வயது. குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி. வழி ஏறக்குறைய அடைத்துவிட்டது, வயிறு தம்பட்டமாக உப்பியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். அன்று மதியம் வார்டில் இரண்டு உதவியாளர்கள் வரவில்லை. வேரக்கா வெந்நீரும் சவரக் கத்தியுமாக அவருடைய வயிற்று முடியை மழிக்கப் போனாள்.

"நீங்கதானே வேரக்கா? பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார்" என்று அவர் கால்மாட்டில் தொங்கிய அட்டையைக் காட்டினார். "இதுல ரெண்டு வார்த்தை இருக்கு. தினம் பாக்குறேன். அளவு நோட்டுல எழுதுற மாதிரி எழுதிக்கூட வச்சிருக்கேன். என்னன்னு தெரியல."

வேரக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே அட்டையைப் பார்த்தாள். 'சிக்மாய்ட் கோலெக்டமி'. அதற்குக் கீழே 'கோலாஸ்டமி'.

"முதல்ல 'சிக்மா'. அது கிரேக்கத்துல ஒரு எழுத்து, எஸ் மாதிரி. 'ஆய்ட்' னா அதைப் போல. எஸ் மாதிரி வளைஞ்சது."

"கைக்குழி வெட்டுற வளைவு மாதிரியா?"

"அதேதான். 'கோல்' னா பெருங்குடல். 'எக்டமி' வெட்டி எடுக்குறது. வளைஞ்ச குடலை வெட்டி எடுக்குறாங்க."

"அது தெரியும். கட்டி இருக்கிற துண்டை எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தச்சுடுவாங்க, சின்ன ஆபரேஷன்னு மச்சான் சொன்னான். தையல்னா எனக்குப் புரியாதா? அடுத்தது?"

அவர் முகம் தெளிந்திருந்தது. அது வேரக்காவுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தமே நாக்கை இழுத்துக்கொண்டு போனது.

"'கோல்' அதே குடல்தான். 'ஸ்டோமா' னா வாய். குடலுக்கு ஒரு வாய் வைக்கிறாங்க."

"வாயா? எங்க?"

"வயித்துல ஒரு…" என்று சொல்லி நிறுத்தினாள். இவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

தையற்காரர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"அப்ப அந்த வாய் வழியாத்தான் மலம் வருமா?"

"டாக்டர் வந்து சொல்லுவார்ங்க."

"நீங்க சொல்லிட்டீங்களே."

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி அங்கியின் முடிச்சை அவிழ்த்தார். அலமாரியிலிருந்து தன் சட்டையை எடுத்து, பொத்தானை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு மேலே இரண்டு பொத்தான் எட்டவில்லை.

நாலரை மணிக்கு அவர் மனைவியும் மச்சானும் வந்தார்கள். மச்சான் லாரி வாடகைக்கு விடுகிறவர். குரல் எப்போதும் சாலையின் அந்தப் பக்கத்துக்குக் கேட்கிற அளவில் இருக்கும்.

"யார் சொன்னது இவர்கிட்ட? யார்னு கேக்குறேன்!"

"நீ சொல்லல. அதான் வேற யாரோ சொல்ல வேண்டியதாச்சு" என்றார் தையற்காரர்.

"மாமா, உங்க நல்லதுக்குத்தான். தெரிஞ்சா நீங்க வரமாட்டீங்கன்னு…"

"படிவத்துல கையெழுத்துப் போட்ட கை என்னுது. படிச்ச கண்ணு யாருது? கடைசியில நான் மலம் பிடிக்க வயித்துல பையைக் கட்டிக்கிட்டுக் கடையில உக்காரணும். அளவெடுக்க வர்றவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இதுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குறேன்."

"வீட்டுக்குப் போனா எத்தனை நாளுங்க இருப்பீங்க?" என்றாள் மனைவி. அழவில்லை, கோபமாகத்தான் கேட்டாள்.

"இருக்கிற நாள் இருக்கேன்."

பெரிய சிஸ்டர் வந்தபோதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. நாங்களே பக்குவமாகச் சொல்லிவிட்டோம் என்று மச்சான் ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் சொல்லியிருந்தார். வாய் வைக்கும் இடத்துக்குக் காலையில் வயிற்றில் குறி போட வந்த நர்ஸையும், மாமா தூங்குகிறார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார், ஏழு மணிக்கு முன் வெளியே வர வாய்ப்பில்லை. அதற்குள் இந்த மனிதர் படியிறங்கிப் போய்விட்டால் அடைப்பு முற்றிக் குடல் வெடிக்கும். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய சிஸ்டர் வேரக்காவைத் துணி அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"விதி சுவத்துல இருக்கா இல்லையா?"

"இருக்கு சிஸ்டர்."

"உன்னை எழுத்துல கேப்பேன். பதில் எழுத்துல வரணும். அது நாளைக்கு. இப்ப அந்த ஆள் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குறார். 'நீங்க எல்லாரும் ஒரே கூட்டு, எனக்கு உண்மை சொன்னது அந்த அம்மா ஒருத்திதான், அவங்களை வரச் சொல்லுங்க' ங்கிறார். வா. நான் கூடவே நிப்பேன். உனக்குத் தெரியாததை அளக்காதே."

"சிஸ்டர், ஒரு பை எடுத்துக்கட்டுமா? காலிப் பை. வளையத்தோட."

பெரிய சிஸ்டர் ஒரு நொடி யோசித்துச் சாவியைக் கொடுத்தார்.

வேரக்கா நோட்டை எடுக்கவில்லை. இருப்பு அறையிலிருந்து உறை பிரிக்காத பை ஒன்றையும் ஒட்டு வளையம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்து தையற்காரர் மடியில் வைத்தாள்.

"இதுதாங்க."

அவர் கொஞ்ச நேரம் தொடவில்லை. பிறகு தொட்டார். பிறகு திருப்பினார். இரண்டு விரலுக்கு நடுவே விளிம்பைத் தேய்த்துப் பார்த்தார். உறை போட்டிருந்தாலும் சரக்கு எப்படிப்பட்டது என்று விரல் கேட்காமல் விடாது.

"நூல் தையல் இல்ல. சூடு வச்சு ஒட்டியிருக்கான்" என்றார். "வாடை வராதா?"

"வளையம் சரியா ஒட்டினா வராது. சரியா ஒட்டாட்டி வரும். நான் நிறையப் பேரைத் துடைச்சிருக்கேன், பொய் சொல்லல."

"எத்தனை நாளைக்கு?"

குடலையும் வாயையும் வைத்து எவ்வளவு பிரித்தாலும் இதற்கு விடை அந்தச் சொல்லுக்குள் இல்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்றாள் வேரக்கா.

பெரிய சிஸ்டர் சொன்னார்: "சில பேருக்கு ஆறேழு மாசத்துல திரும்பச் சேத்துடுவாங்க. சில பேருக்கு முடியாது. உள்ள பாத்தாத்தான் டாக்டருக்கே தெரியும்."

"சரி. எங்க வைப்பாங்க? எந்த இடம்?"

இதற்குத்தான் காலையில் குறி போட வந்தார்கள் என்று பெரிய சிஸ்டர் விளக்கினார். உட்காரும்போது, நிற்கும்போது, குனியும்போது வயிறு எங்கே மடிகிறது, இடுப்புப் பட்டை எங்கே வருகிறது என்று பார்த்துப் பேனாவால் குறி போட வேண்டும். குறி இல்லையென்றால் மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் வயிற்றைப் பார்த்து டாக்டர் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பார். மல்லாந்து கிடக்கும் வயிறு வேறு, தையல் மெஷினில் குனியும் வயிறு வேறு.

தையற்காரர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். "அளவெடுக்காமத் துணி வெட்டச் சொன்னியாடா?"

மச்சானின் குரல் முதல்முறையாகக் கீழே இறங்கியது. "எனக்கு இதெல்லாம் தெரியாது மாமா."

"ஸ்டூல் ஒண்ணு கொண்டாங்க."

வேரக்கா கொண்டுவந்தாள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டிலோரத்தை மெஷின் பலகையாக வைத்துக்கொண்டு, கால் மிதிக்க, கை தள்ளக் குனிந்தார். பெரிய சிஸ்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடதுபுறம் ஒரு புள்ளி வைத்தார்.

"அங்க பலகை இடிக்கும். மேல."

இன்னொரு புள்ளி.

"அங்க பெல்ட் வரும்."

"உங்க பெல்ட்டு அங்கயா வருது?" என்றாள் மனைவி. "இத்தனை வருஷமா தொப்பைக்குக் கீழதானே தொங்குது! ஊருக்கெல்லாம் அளவெடுக்குற மனுஷனுக்குத் தன் இடுப்பு எங்க இருக்குன்னு தெரியல."

பக்கத்துப் படுக்கைக்காரர் இருமுவதுபோல் சிரித்தார். தையற்காரர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து நின்று, கால்சட்டையை வழக்கமான இடத்தில் இழுத்துக் கட்டிக் காட்டினார். மூன்றாவது புள்ளி தொப்புளுக்குப் பக்கத்தில், மடிப்புக்கு மேலே விழுந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு முறை குனிந்து பார்த்தார்.

"ஆபரேஷனுக்குப் போகலாம்னு சொல்லல. இடம் மட்டும்தான் சொல்லியிருக்கேன். காலையில சொல்றேன்" என்றார். ஆனால் சட்டையைத் திரும்பப் போடவில்லை.

ஏழரைக்கு டாக்டர் வந்து அரைமணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். அப்போது வேரக்கா அங்கே இல்லை, பணி முடிந்து போயிருந்தாள். வீட்டில் கணவர் இரண்டு முறை கேட்டும் அன்று அவள் எந்தச் சொல்லையும் பிரிக்கவில்லை. அந்தத் தையற்காரர் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

மறுநாள் காலை அவள் ஆறரைக்கே வந்துவிட்டாள். ஆபரேஷன் அறைப் பட்டியல் ஏழு மணிக்கு வரும். அதில் பதினொன்றாம் படுக்கை இருந்தால் அவர் இருக்கிறார், இல்லையென்றால் போய்விட்டார். ஏழேகாலுக்கும் பட்டியல் வரவில்லை. அதற்குப் பதில் வார்டிலிருந்து போன் வந்தது. குளியலில் குறி அழிந்துவிட்டதாம், அழியாத மை உள்ள பேனா வேண்டுமாம்.

வேரக்கா பேனாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறினாள். வார்டு வாசலிலேயே நின்று பேனாவை நீட்டினாள். பதினொன்றாம் படுக்கை ஓரத்தில் ஸ்டூல் கிடந்தது. தையற்காரர் ஈரத் தலையோடு அதில் குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டர் புதுச் சம்மதப் படிவத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் அவர் "ம்" என்றார். ஓர் இடத்தில் மட்டும் "திரும்பச் சொல்லுங்க" என்றார். திரும்பச் சொன்னதும் கையெழுத்துப் போட்டார். பிறகு பெரிய சிஸ்டர் அழிந்த இடத்தில் குறி போட்டார். மச்சானை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள், அவர் வேரக்காவின் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள்.

வேரக்கா அறைக்குத் திரும்பி, வந்து கிடந்த பட்டியலைப் பார்த்து அன்றைக்கு மிச்சமிருந்த தட்டுகளைக் கட்டி முடித்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்து விளக்கம் எழுதினாள். 'பதினொன்றாம் படுக்கை நோயாளி அட்டையிலிருந்த சொல்லுக்குப் பொருள் கேட்டார். சொன்னேன். அவருக்கு விஷயம் தெரியுமா என்று முதலில் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.' அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, யோசித்து, அடிக்காமல் விட்டாள்: 'குறி போட வருகிறவரை உறவினர் திருப்பி அனுப்பினால் வார்டுக்குத் தெரிய வேண்டும்.'

பதினொன்றேகாலுக்குப் பெரிய சிஸ்டரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். மூன்று மாதத்துக்கு வார்டு வேலை கிடையாது என்று வாயால் சொன்னார், எழுத்தில் பிறகு வரும் என்றார். பிறகு அந்தக் கடைசி வரியை மட்டும் வேறொரு தாளில் தன் கையால் எழுதி, வார்டு சுவரில் இருந்த விதிகளுக்கு அடியில் ஒட்டிவிட்டு வந்தார்.